அனுப்பம்பட்டில் குடித்தனம், குப்பத்தில் அடுப்பு

தருமன் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. சிலிண்டரும் காலியில்லை. ஆனாலும் மனுஷன் தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால், தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, மூன்று செங்கல்லை வைத்துச் சவுக்கு விறகு மூட்டித்தான் சோறு வடிப்பான். விறகுக்கு மேலே இரண்டு பச்சை மட்டையையும் போட்டுவிடுவான். பச்சை மட்டை எதற்கு என்கிறீர்களா? புகை வருவதற்கு! ஒற்றை ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி வேகிறதற்குள் தெருவே இருமித் தீர்க்கும்.

"இன்னாடா தருமா, சோறு ஆக்குறியா, கொசு ஓட்டுறியா?" என்று பக்கத்து வீட்டு முனியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்.

"விறகுல ஆக்குனாத்தான் ருசிக்கா."

"ருசி! உன் ருசில எனக்குக் கண்ணே அவிஞ்சி பூடும் போலக் கீது" என்று திட்டிவிட்டுப் போவாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். ஏன் இந்தப் புகை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஊருக்கே தெரியும்.

வடமேட்டுக் குப்பம் பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலுமாக மணலில் கிடக்கிற ஊர். ஏரி எல்லாருக்கும் பொது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் எவனும் இஷ்டத்துக்குப் போய் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பேர். இன்றைக்கு இந்தப் பாட்டில் யார், நாளைக்கு யார் என்று முறை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறையைப் பிரித்துக்கொள்வார்கள். கல்யாணம் கட்டி, ஊரிலேயே குடித்தனம் நடத்துகிறவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. கல்யாணம் ஆகாத பையனுக்குக் கிடையாது. பெண்டாட்டி செத்துப்போனவனுக்கு மட்டும் பாவம் பார்த்து அரை முறை, அதாவது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கொடுப்பார்கள்.

நடுவில் சில பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டு, இங்கே தங்கள் முறையை மட்டும் இன்னொருவனுக்குக் கைமாற்றி விட ஆரம்பித்தார்கள். ஏரியில் இறங்காதவனுக்கு ஏரியில் பங்கா என்று சண்டை வந்தது. பஞ்சாயத்தார் கூடி, வீட்டில் குடித்தனம் நடந்தால்தான் முறை, பூட்டிய வீட்டுக்கு இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நியாயமான பேச்சுதான். அடுப்பு புகைகிற வீட்டை ஆளில்லாத வீடு என்று எவனும் சொல்ல முடியாதே என்பது தருமன் நினைப்பு.

அவன் பெண்டாட்டி சத்யாவும் மகள் பூவிழியும் குப்பத்தை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அடித்துக்கொண்டு போகவில்லை. பள்ளிக்கூடத்துக்காகப் போனார்கள்.

குப்பத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்று பார்த்தே அந்த வீட்டுச் சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். ஏரிப்பக்கத் தெருவில் ஏரியை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிற ஒன்றியப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். காலைச் சிற்றுண்டி, மதியச் சோறு, கோமளா டீச்சர். துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்த வீடுகளில் பிள்ளைகள் டை கட்டி, ஷூ மாட்டி, பாலத்துக்கு அந்தாண்டை வந்து நிற்கிற வேனில் ஏறிப் பொன்னேரிப் பக்கம் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போகும். கடலோரத் தெரு இரண்டுங்கெட்டான். நல்ல வருஷம் வந்தால் டை, அடுத்த வருஷம் கடல் கைவிட்டால் டை ஆணியில் தொங்கும், பிள்ளை மறுபடி கோமளா டீச்சரிடம் வந்து உட்காரும்.

தருமன் ஏரிப்பக்கத் தெரு. அந்தத் தெருவில் முதல் முதலாகப் பிள்ளையை வேனில் ஏற்றினவன் அவன்தான். சத்யா ஆசைப்பட்டாள், அவனுக்கும் ஆசை. கோமளா டீச்சர் வீடு தேடி வந்து, "நல்லாப் படிக்கிற பொண்ணுங்க, இங்கயே விடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "இன்னா டீச்சர், கடைசி வரிக்கும் அது இறால் உரிச்சிக்கினே கெடக்கணுமா?" என்று தருமன் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டான். டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவனுக்கு மீசை சற்று முறுக்கிக்கொண்டது உண்மை.

வேன் ஒத்துக்கொள்ளவில்லை. பூவிழிக்கு வேனில் ஏறினாலே குமட்டல். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வாழைத்தண்டாக வெளுத்துவிடும். எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் ஏறினால் வேனே வராது. கடைசியில் சத்யா சொன்னாள், "பள்ளிக்கூடத்தாண்டயே ஒரு ரூம்பு பாத்துக்கலாம் மாமா. நான் இட்டுகினு போறேன். லீவு உட்டா வந்துடறோம்." அனுப்பம்பட்டில் நெல் பயிரிடுகிற குடும்பம் ஒன்று வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு விட்டது. வீட்டுக்காரி கஸ்தூரியம்மாள். நல்ல மனுஷிதான், ஆனால் முதல் நாளே கண்டிஷன் போட்டுவிட்டாள். மீன் சமைத்துக்கொள்ளலாம், செவ்வாய், வெள்ளி, சனி கூடாது. கருவாடு மட்டும் என்றைக்குமே கூடாது. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு வாரம் இருந்தறியாத சத்யா, சரி என்று தலையை ஆட்டினாள்.

முதல் வருஷம் லீவு விட்டால் வந்தார்கள். இரண்டாவது வருஷம் சத்யாவுக்குப் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்தார்கள். மூன்றாவது வருஷம் திருவிழாவுக்கு மட்டும். அதுவும் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

முறை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தருமன் அங்கே போவான். போவதற்கு முன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பான், அப்படியும் விரலை மோந்து பார்த்துக்கொள்வான். இறால் கொண்டுபோனால் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அவனே உரித்துக் கழுவித் தோலைப் பையில் கட்டி வைப்பான். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான். சத்யா காபி கொண்டுவந்து கொடுப்பாள். பெண்டாட்டி கையால் காபி வாங்கிக் குடிப்பதில் கூச்சப்படுகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இவன் கூச்சப்பட்டான். விருந்தாளி மாதிரிப் பாதி டம்ளர் மிச்சம் வைத்தான். ஊரில் நைனா, நைனா என்று தோளில் தொங்கிய பெண், இங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முன்னால் அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அவனுக்கென்று அந்த வீட்டுக் கொடியில் ஒரு லுங்கி கிடந்தது, அவ்வளவுதான்.

ஊரில் அவன் இருப்பு இன்னும் மோசம். தனியாக இருந்து அவனுக்குப் பழகவே இல்லை. வலையில் நல்ல மீன் விழுந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு நடந்து வருவான், வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வரும். சாயங்காலமானால் டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல், பின்பக்கம் போய் வலை பிரிப்பான். உள்ளே மனிதக் குரல் கேட்டால் போதும் அவனுக்கு. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் சீர்த்தட்டு தூக்க ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள், அவனைக் கூப்பிடுவது நின்றுபோனது. எவரும் வேண்டுமென்று செய்ததில்லை. பந்தியில் அவன் பக்கத்து இலை காலியாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்னவோ போல் இருந்தது.

இந்த வருஷம் சீட்டுப் போடுவதற்கு முந்தின வாரம் பஞ்சாயத்துத் தலைவர் தமிழ்வாணன் நேராக அவன் பின்கட்டுக்கே வந்துவிட்டார். புகைக்குள் நின்று இருமினார்.

"தருமா, இந்தப் பொகைய உடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சத்யா வருதா, வரலியா?"

"பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வந்துடும்ணா."

"எந்தப் பள்ளிக்கூடம்? அது பன்னெண்டாவது வரிக்கும் கீதேடா!"

தருமன் அகப்பையை விட்டுச் சோற்றைக் கிளறினான்.

"எனக்கு உன்மேல இன்னா விரோதமா? நம்ம மனோஜோட அண்ணன் காட்டுப்பள்ளில குடியிருக்கான்னு அவன் முறைய எடுத்துட்டோம். இப்ப மனோஜ் கேக்குறான், தருமன் வூட்ல மட்டும் யாரு குடியிருக்காங்கன்னு. நான் இன்னா பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை வரிக்கும் டைம் கீது. போய்ப் பேசு. வராங்களா இல்லியா, ஒரே பேச்சு. பொய் மட்டும் வாணாம், அப்பால ரொம்பப் பேஜாராப் பூடும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கண்ணீர் புகையால் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தருமன் அனுப்பம்பட்டுக்குப் போனபோது சத்யா கடையிலிருந்து வரவில்லை. பூவிழி உள்ளே எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் கஸ்தூரியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இளைய மகள் வைஷ்ணவி தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா தம்பி. சத்யா இப்ப வந்துடும், ஒக்காரு" என்றாள் கஸ்தூரியம்மாள்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்னவோ போலிருந்ததால் தருமன் கேட்டான், "பாப்பாவும் எங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல்தானேம்மா?"

"ஐய, அதெல்லாம் இல்ல. இது பொன்னேரி கவர்மெண்ட் ஸ்கூலு. ஆறாவதுலயே மாத்திட்டோம்."

தருமன் நம்பவில்லை. வயலும் டிராக்டரும் வைத்திருக்கிற வீடு. "கவர்மெண்ட்லயா? நீங்களா?"

"பெரியவன் மோகன்குமார் இருக்கானே, அவன எல்கேஜில இருந்து பிரைவேட்லதான் போட்டோம். டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசப்பட்டான், சீட்டு கெடைக்கல. அவன்கூட டியூஷன்ல ஒக்காந்த பையன் ஒருத்தன், கவர்மெண்ட் ஸ்கூலு, மார்க்கு இவனவிடக் கம்மி, அவனுக்குக் கெடச்சிச்சு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா அதுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குதாம்ல. இந்தத் தெருவுல பாதி வீட்டுல ஆறாவதானா டக்குனு மாத்திடறாங்க. அஞ்சாவது வரைக்கும் இங்கிலீஷு, அப்புறம் கவர்மெண்ட்டு. விவரமா இருக்கணும்ப்பா" என்று சிரித்தாள் கஸ்தூரியம்மாள்.

அடக் கடவுளே என்றிருந்தது தருமனுக்கு. ஏரிப்பக்கத்து ஆள் பாட்டைப் பணயம் வைத்து எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானோ, அதை நிலபுலன் உள்ளவர்கள் உதறிவிட்டு வருகிறார்கள்! முதலில் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அப்புறம் மெல்ல, தொண்டைக்குள் சிரிப்பு வந்தது. பூவிழி இந்த வருஷம் ஐந்தாவது முடிக்கிறாள். பழவேற்காட்டில் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் சைக்கிள் மிதிக்கிற தூரம். வேனும் வேண்டாம், வாடகை வீடும் வேண்டாம். சத்யா வீட்டுக்கு வந்துவிடலாம்! இத்தனை சுலபமான வழி மூன்று வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே என்று அவனுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. சத்யா வந்து, சமைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற வரை அந்தப் பேச்சை எச்சிலோடு விழுங்கி விழுங்கி வைத்துக்கொண்டான்.

ரயிலேற்றிவிட சத்யா கூட வந்தாள். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் அந்த நேரத்தில் கூட்டமே இல்லை. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தருமன் கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூப்பிடுகிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"சத்யா, நம்ம பொண்ணையும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே போட்டா இன்னா?"

"போடத்தான் போறேன் மாமா."

"இன்னாது?"

"டிசி கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். பொன்னேரில, வைஷ்ணவி படிக்கிற ஸ்கூலு. ரெண்டும் ஒண்ணாப் போயிட்டு வந்துடும். உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவன் கொண்டுவந்த பேச்சு பாதியிலேயே பலித்துவிட்டது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துவிட்டான். "அப்போ பொன்னேரி எதுக்கு? நம்ம பழவேற்காட்டுலயே கீதே! அதே கவர்மெண்ட்டு, அதே பொஸ்தகம். சைக்கிள் வாங்கித் தந்துடறேன். நீ வூட்டுக்கு வந்துடலாம். வெள்ளிக்கிழமை சீட்டு. தமிழ்வாணண்ணன் கேக்கச் சொன்னாரு. வராங்கன்னு சொல்லிடவா?"

சத்யா கையை இழுத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் தடதடவென்று ஓடியது. அது போய் முடியட்டும் என்று தருமன் காத்திருந்தான். போய் முடிந்த பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா சத்யா?"

"நான் வரல மாமா."

"ஏன்? பள்ளிக்கூடம்தான் இப்ப..."

"பள்ளிக்கூடம்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதான் அதையே சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் அவள். குனிந்தபடி சொன்னாள். "நாங்க இங்க வரதுக்கு முந்தின ஐப்பசில, முறையில்லன்னு கடலுக்குப் போனியே, முகத்துவாரத்துல போட்டு கவுந்துச்சே. எல்லார் போட்டும் வந்துச்சு, உன் போட்டு வரல. சோறு தண்ணி இல்லாம கரையில நின்னேன். அப்பால நீ வந்துட்ட. சிரிச்சிக்கினே வந்த. மறுநாளே வலைய எடுத்துக்கினு போயிட்ட. நான் மட்டும் இன்னும் அந்தக் கரையிலயே நின்னுகினு கீறேன் மாமா."

"இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? கடலுக்குப் போவ மாட்டியா? எங்கம்மாவும் நின்னுச்சு, முனியம்மாக்காவும் நிக்குது. எல்லாப் பொம்பளைங்களும் நிக்கறாங்க, எனக்கு மட்டும் முடியலன்னு எப்பிடிச் சொல்லுவேன்? இங்க காத்தடிச்சா துணி காயும்னு நெனைக்கிறேன். அங்க காத்தடிச்சா உன்னத்தான் நெனைக்கணும்."

தருமன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான், வரவில்லை.

"நீ இங்க வந்துடு மாமா" என்றாள் சத்யா. "ரைஸ் மில்லுல ஆள் கேக்குறாங்க."

"நெல்லுல எனக்கு இன்னா தெரியும்?"

"துணிக்கடைல எனக்கு இன்னா தெரிஞ்சிது?"

"பாடு பூடும் சத்யா. ஒரு தரம் உட்டா அப்பால கெடைக்காது. எங்க நைனா குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான்." ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலைக்கழியைப் பிடித்தால்தான் தான் ஒரு ஆள் என்று அவனுக்குப் படும். மில்லில் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற தருமனை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் பயமும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. யார் யாரைக் குறை சொல்வது?

ரயில் வருகிற சத்தம் கேட்டது. சத்யா அவசரமாகச் சொன்னாள், "வேணும்னா வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு வந்து வூட்ல நின்னுட்டுப் போறேன். யாராவது கேட்டா இங்கதான் இருக்கேன்னு சொல்றேன்."

"வாணாம். பொய் வாணாம்னாரு" என்று சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஆம்பிளைகள் தெருவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். தெற்கு ஓரத்தில், சற்று விலகி, பெண்டாட்டியை இழந்தவர்கள் நாலைந்து பேர். அரை முறைக்காரர்களுக்குச் சீட்டுக் கடைசியில்தான் குலுக்குவார்கள். தமிழ்வாணன் ஒவ்வொரு தலைக்கட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, தருமன் பேரில் நிறுத்தினார்.

"பேசினியா தருமா?"

"பேசினேன்ணா."

"வராங்களா?"

"வரல."

பந்தலில் சலசலப்பு. "எதுனால?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொண்ணு படிப்புதாண்ணா" என்றான் தருமன். பொய் வேண்டாம் என்று இருந்தவன்தான். ஆனால் சத்யா கரையில் நின்றதை அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எடுத்து விரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. படிப்பு என்றதும் ஒருத்தரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மனோஜ் எழுந்தான். "அண்ணே, நான் தருமண்ணனுக்கு எதிரி இல்ல. எங்கண்ணனுக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமான்னுதான் கேக்கறேன்." அவன் கேட்டதிலும் தப்பில்லை. தருமனே தலையை ஆட்டினான்.

தமிழ்வாணன் பஞ்சாயத்தாரோடு குசுகுசுவென்று பேசினார். நல்ல மனுஷன், ஒருத்தனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு ஆகாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இவன் காட்டுப்பள்ளிக்குப் போவல, மெட்ராசுக்குப் போவல. ஊர்லதான் கீறான், ஏரிலதான் எறங்குறான். ஆனா வூட்ல பொம்பள இல்ல. முழுசாக் குடுக்க முடியாது. அதனால பொண்டாட்டி இல்லாதவங்க கணக்குல வெச்சி அரை முறை குடுத்துடலாம். இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் சரி என்றார்கள். மனோஜும் சரி என்று உட்கார்ந்தான். ஊரே தருமனுக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் இருந்தது.

தெற்கு ஓரத்திலிருந்து குப்பன் கையைத் தட்டினார். அவர் பெண்டாட்டி போய் ரொம்ப வருஷம் ஆகிறது. "வா தருமா, இங்க வந்து ஒக்காரு. நெழலு கீது" என்று நகர்ந்து இடம் விட்டார்.

என் பொண்டாட்டி உசுரோட கீறா என்று சொல்ல வேண்டும். சொன்னால் பாடு போய்விடும், அரையும் கிடைக்காது. தருமன் தன் தெருக்காரர்கள் நடுவிலிருந்து எழுந்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்க் குப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். குப்பன் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அந்த வரிசையில் எல்லோரும் அப்படித்தான் புதிதாக வந்தவனைத் தட்டிக்கொடுப்பார்கள். அவனுக்கு நல்ல பாடாகவே விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சத்யா போன் போட்டாள்.

"குடுத்தாங்களா மாமா?"

"குடுத்தாங்க."

"முழுசாவா?"

முழுசு என்று சொல்லிவிடலாம். நாளைக்கே முனியம்மா போன் போட்டு உடைத்துவிடுவாள். "அரை" என்றான்.

அந்தப் பக்கம் பூவிழி இங்கிலீஷ் பாட்டு ஒன்றை உரக்க மனப்பாடம் செய்கிற சத்தம் மட்டும் வந்தது. சத்யா குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அரை யாருக்குக் கொடுப்பார்கள் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"யாருகூட ஒக்கார வெச்சாங்க?"

"குப்பண்ணன் பக்கத்துல."

"நீ வாணாம்னு சொல்லலியா?"

"இல்ல சத்யா. வாங்கிக்கினேன்."

அவள் அழுதாள். சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் என்பது கேட்டது. தருமன் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கே வந்துடறேன் மாமா. பொண்ண அங்கயே சேத்துக்கலாம். நான் வந்துட்டேன்னு போய்ச் சொல்லு. முழுசாக் கேளு."

மூன்று வருஷமாக அவன் காத்திருந்தது இந்தப் பேச்சுக்குத்தான். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு மத்தியானம் இந்த வாசலில் அவள் பையை இறக்கி வைப்பாள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்த காற்றுக்கு அவள் எங்கே போய் நிற்பாள் என்பதும் தெரிந்தது.

"வாணாம்" என்றான் தருமன். "நீ வந்தா கரையில போய் நிப்ப. அங்கயே இரு."

"மாமா..."

"விடியறதுக்குள்ள பாட்டுக்குப் போவணும். நான் வெக்கிறேன்" என்று அவனே துண்டித்துவிட்டான். அவள் திரும்பவும் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. எடுத்தால் வா என்று சொல்லிவிடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.